பெர்முடா வரும்வரை ஒரு குளிர்காலப் புல்

கேள்வி இதுதான்: டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். முன்பக்கம் பில்டர் புல் பாய் (வேரும் மண்ணுமாக வெட்டியெடுத்த வளர்ந்த புல்) விரித்துக் கொடுத்துவிட்டார். பின்பக்கம் சுமார் 3,000 சதுர அடி வெறும் களிமண். இப்போது அக்டோபர் இரண்டாம் வாரம். பெர்முடா என்ற நிரந்தரப் புல்லைப் போட வசந்தம் வரை பொறுக்கச் சொல்கிறார்கள். அதுவரை ரைகிராஸ் என்ற குளிர்காலப் புல்லின் விதையைத் தூவிவிடலாமா, இல்லை பக்கத்து வீட்டுக்காரர் எச்சரிப்பதுபோல அது பின்னால் பெர்முடாவையே கெடுத்துவிடுமா?

நீங்கள் கேட்டது ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. ஐந்தாறு மாதம் அந்த மண்ணை இந்தப் புல் பிடித்து வைத்திருக்குமா என்பது முதலாவது. வேலை முடிந்ததும் அது ஒழுங்காகப் போய்விடுமா என்பது இரண்டாவது. முதலாவதற்குத் தயங்காமல் ஆமாம் என்பேன். இரண்டாவதற்கும் ஆமாம்தான், ஆனால் அது தானாகப் போகாது. குறித்த நேரத்தில் நீங்கள்தான் அனுப்பிவைக்க வேண்டும். விதைக்கும் நாளிலேயே அதை அழிக்கும் நாளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். இந்தப் புல்லால் சிரமப்பட்டவர்களில் நான் பார்த்த பெரும்பாலானோர் விதைப்பில் தவறியவர்கள் இல்லை, ஏப்ரலில் தள்ளிப்போட்டவர்கள்.

நான் கோவையில் வேளாண்மை படித்தவன். இங்கே பல வருடங்களாக விளையாட்டுத் திடல்களிலும் வீடுகளிலும் புல்தரை வேலை பார்க்கிறேன். என் அனுபவம் முழுக்க வடக்கு டெக்ஸாஸின் கருமண்ணில்தான் என்பதால், கீழே சொல்லும் தேதிகளை வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் இடத்தை நேரில் பார்க்கவில்லை என்பதும் ஒரு குறைதான். சரிவு எவ்வளவு, மரநிழல் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சில விஷயங்கள் மாறும்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைப் பார்ப்போம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஏற்கெனவே பெர்முடா இருக்கும் தரையில், குளிர்காலத்தில் பச்சை தெரிய வேண்டும் என்பதற்காக மேலே ரைகிராஸ் தூவுவது இங்கே வழக்கம். அங்கே தகராறு மார்ச், ஏப்ரலில் வரும். பெர்முடா கண்விழித்துத் துளிர்விட வெளிச்சமும் சூடான மண்ணும் வேண்டும். அதே நாட்களில்தான் ரைகிராஸ் முழு வேகத்தில் வளரும். அது மேலே நிழலைப் போட்டு, தண்ணீரையும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் அது சாகும்போது அடியில் இருக்கும் பெர்முடா மெலிந்து, அங்கங்கே சொட்டையாகத் தெரியும். அவர் இதைத் தன் வீட்டிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் உங்கள் நிலைமை வேறு. உங்கள் பின்பக்கத்தில் கெடுவதற்கு இன்னும் பெர்முடாவே இல்லை. ரைகிராஸ் முழுதாகப் போன பிறகுதான் பெர்முடா வரப்போகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே தரையில் வைக்காதவரை அவர் பயப்படுவது நடக்காது.

ஏன் இப்போதே பெர்முடா போடக்கூடாது என்றும் சிலர் கேட்பார்கள். பெர்முடா வெயில் காலப் புல். விதை முளைக்க மண்ணின் வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நிலையாக இருக்க வேண்டும், அதன் பிறகு வேர் பிடிக்கக் குறைந்தது ஆறேழு வாரம் சூடு வேண்டும். டாலஸ் வட்டாரத்தில் முதல் உறைபனி சராசரியாக நவம்பர் பிற்பாதியில் வந்துவிடும். இப்போது விதைத்தால் முளைத்த குஞ்சுகள் அப்படியே கருகிவிடும். புல் பாய் விரிக்கலாம், அது தூங்கும் நிலையிலேயே குளிர்காலத்தைக் கடக்கவும் கூடும். ஆனால் வேர் இறங்காத பாய் வறண்ட வடகாற்றில் காய்ந்துபோகும் ஆபத்து உண்டு. பணம் போட்டு அந்தப் பரீட்சையில் இறங்கச் சொல்லமாட்டேன்.

சும்மா விட்டாலும் பிரச்சினைதான். டாலஸுக்கு வடக்கிலிருந்து தெற்கே சான் அன்டோனியோ வரை நீளும் கருமண் பட்டையில் உங்கள் ஊர் இருக்கிறது. டெக்ஸாஸின் மாநில மண்ணாகக் கருதப்படும் ஹூஸ்டன் பிளாக் இந்த வகைதான். நம் கோவில்பட்டி, விருதுநகர் கரிசலுக்கு நெருங்கிய சொந்தம். மண்ணியலில் இரண்டும் வெர்ட்டிசால் என்ற ஒரே வகுப்பு. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாலு அடி வைப்பதற்குள் செருப்பின் அடியில் இன்னொரு செருப்பு மண் ஒட்டியிருக்கும். பிள்ளைகளோ நாயோ இருக்கும் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க அது கார்ப்பெட்டில்தான் வந்து சேரும். அதைவிடப் பெரிய கவலை, ஒவ்வொரு பெருமழையும் மேல்மண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும்; வசந்தத்தில் பாய் விரிக்கும்போது தரை சமமாக இருக்காது.

ஆக, விதைக்கலாம். எந்த விதை? ரைகிராஸில் இரண்டு வகை கடையில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். ஆண்டு ரைகிராஸ் ஒரே பருவத்தில் வளர்ந்து, கதிர்விட்டு, வெயிலில் செத்துவிடும். நிறம் கொஞ்சம் வெளிர், இலை அகலம், விலை குறைவு. பல்லாண்டு ரைகிராஸ் கரும்பச்சையாக, மெல்லிய இலையோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெயிலை அதிக நாள் தாக்குப்பிடித்து ஜூன் வரைக்கும் இழுக்கும். திடல்களுக்கு நான் பல்லாண்டு வகையைத்தான் போடுவேன், அங்கே பந்து உருள வேண்டும், பார்வையும் முக்கியம். உங்களுக்கு வேண்டியது சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும் புல். எனவே ஆண்டு ரைகிராஸ்தான் சரி. இந்தப் பக்கம் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கல்ஃப் என்ற ரகமாக இருக்கும், அதுவே போதும்.

பை வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். சுத்த விதை எத்தனை சதவீதம், முளைப்புத்திறன் எத்தனை, களைவிதை எத்தனை, எந்த மாதம் சோதித்தார்கள் என்பதை அதில் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். முளைப்புத்திறன் 85க்குக் கீழே இருந்தாலோ, சோதித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ வேறு பை எடுங்கள். களைவிதை அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இன்னொரு எச்சரிக்கை: ரை என்ற பெயரில் தானியப் பயிரின் விதையும் விற்கிறார்கள். அது ரொட்டிக்கு மாவாகும் ரை, இடுப்பளவு வளரும், கொல்லைப்புறத்துக்கு முரடு. ஆனால் ஒரு சூழ்நிலையில் அது கைகொடுக்கும். வேலை தள்ளித்தள்ளி நவம்பர் கடைசி வந்துவிட்டால் ரைகிராஸ் சரியாக முளைக்காது, தானிய ரை அந்தக் குளிரிலும் முளைத்துவிடும். அப்போது மண்ணைக் காப்பாற்றுவதற்காக மட்டும் அதைப் போடலாம்.

இனி அளவு. ஆயிரம் சதுர அடிக்கு ஆறு பவுண்டு என்று வையுங்கள். உங்கள் இடத்துக்குப் பதினெட்டு பவுண்டு, ஓரங்களுக்கும் சேர்த்து இருபது வாங்கிக்கொள்ளுங்கள். சரியாகத் தூவியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தரையில் ஒரு குவார்ட்டர் (25 சென்ட்) நாணயத்தை வைத்து, அது மூடும் இடத்தில் எத்தனை விதை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்தாறு இருந்தால் போதும். பத்துப் பன்னிரண்டு இருந்தால் ஆரம்பத்தில் கம்பளம் போலத் தெரியும், பிறகு ஒன்றையொன்று நெருக்கி, ஈரம் தேங்கி, பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமி வந்து திட்டுத்திட்டாகச் சரியும். வெதுவெதுப்பான, மேகமூட்டமான அக்டோபர் நாட்களில் அந்த நோய் ஒரே இரவில் பரவுவதைப் பார்த்திருக்கிறேன். அடர்த்தியாகப் போட்டால் நல்லது என்பது இந்தப் புல்லுக்குப் பொருந்தாது.

தூவுவதற்கு முன் தரையைத் தயார் செய்ய வேண்டும், நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். பில்டர்கள் விட்டுப்போகும் மண்ணில் கான்கிரீட் துண்டு, கம்பி, சுண்ணாம்புக்கல் எல்லாம் கலந்திருக்கும். கையுறை போட்டுப் பொறுக்குங்கள். அப்புறம் மட்டத்தைப் பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து முதல் பத்தடிக்குள் மண் ஆறு அங்குலமாவது இறங்க வேண்டும். கருமண்ணில் கட்டிய வீட்டுக்கு அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் நின்றால் பின்னால் சுவர் விரிசல் வரும். இரண்டு வீடுகளுக்கு நடுவே தண்ணீர் ஓடுவதற்கென்று விட்டிருக்கும் ஆழமில்லாத பள்ளத்தை மட்டம் செய்கிறேன் என்று மூடிவிடாதீர்கள். இந்தக் குறைகளை இப்போதே சரிசெய்துவிட்டால் ரைகிராஸ் ஆறு மாதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். மழையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்பதும் பாய் விரிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். இந்த இடைக்காலப் புல்லில் எனக்குப் பிடித்த லாபமே அதுதான்.

மண்ணைக் கிளறுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். கட்டைவிரலால் தேய்த்தால் பளபளவென்று பட்டையாக நீண்டால் இன்னும் ஈரம் அதிகம். அந்த நிலையில் கிளறினால் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும், அந்தத் தப்பை அடுத்த வருடம் வரை திருத்த முடியாது. இரண்டு நாள் காயவிட்டு, உதிர ஆரம்பித்ததும் மேல் ஒன்றிரண்டு அங்குலத்தை மட்டும் வாரியால் (ரேக்) கீறிவிடுங்கள். ஆழமாக உழ வேண்டியதில்லை. முடிந்தால் கால் அங்குலம் கம்போஸ்ட் பரப்பிக் கலந்துவிடுங்கள், உங்கள் இடத்துக்கு இரண்டரை கியூபிக் யார்டு போதும். விதையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வடக்கு தெற்காகவும் மறு பாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் இடைவெளி விழாது. பிறகு வாரியைத் திருப்பிப் பிடித்து லேசாக இழுத்து, கால் அங்குலத்துக்கு மேல் மூடாமல் விடுங்கள். கடைசியாக ஒரு உருளை ஓட்டினால் விதை மண்ணோடு ஒட்டும்.

சரிவு இருந்தால் மட்டும் இது போதாது. விதைத்த மறுநாள் அடித்துப் பெய்தால் விதை மொத்தமும் வேலியோரம் ஒதுங்கிவிடும். சரிவான பகுதிக்கு வைக்கோல் பாய் விற்கிறார்கள், ஆணியடித்து விரிக்கலாம். தளர்வான கோதுமை வைக்கோலைப் பரப்பினாலும் சரிதான், ஆனால் அதோடு கோதுமையும் முளைக்கும். பயப்பட வேண்டாம், வெட்டினால் போய்விடும். வைக்கோலுக்கு ஊடே பாதி மண் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதைவிடக் கனமாகப் போட்டால் முளை மேலே வராது.

தண்ணீர் விஷயத்தில் முதல் பத்து நாளும் அதற்குப் பிந்தைய நாட்களும் முற்றிலும் வேறு. முளைக்கும்வரை மேல்மண் காயக்கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு நிமிடம் மட்டும். களிமண் மெதுவாகத்தான் குடிக்கும், அதற்கு மேல் விட்டால் தெருவுக்குத்தான் ஓடும். அக்டோபர் மண்ணில் ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் பச்சை தெரிந்துவிடும். அதன் பிறகு படிப்படியாகக் குறைத்து, வாரத்துக்கு ஒரு தடவைக்குக் கொண்டுவந்து விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் மழையே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்யுங்கள்: நகராட்சித் தண்ணீர்த் துறைக்கு ஒரு போன். இந்த வட்டாரத்தில் ஸ்ப்ரிங்க்ளர் ஓட்டும் நாட்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. புதிதாகப் புல் போடுபவர்களுக்கு விலக்குத் தரும் ஊர்களிலும் சில, குளிர்காலப் புல்லுக்கு அந்த விலக்கைத் தருவதில்லை. விதி வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் இப்போதைய நிலையை அவர்களிடமே கேட்பது நல்லது. விலக்குக் கிடைக்காவிட்டால், நல்ல மழை வருவதாக வானிலை அறிக்கை சொல்லும் நாளுக்கு முன்பாக விதைத்துவிட்டு, மீதியைக் கையில் ஹோஸ் பிடித்துச் சமாளிக்கலாம். அதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது.

உரத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விதைக்கும் அன்று எதுவும் வேண்டாம். முளைத்து மூன்று நான்கு வாரம் கழித்து, ஆயிரம் சதுர அடிக்கு அரை பவுண்டு தழைச்சத்து. அம்மோனியம் சல்பேட் என்றால் மொத்தமாக ஏழு பவுண்டு. இலை வெளிறினால் ஜனவரி கடைசியில் இன்னொரு முறை. பிப்ரவரிக்குப் பிறகு கண்டிப்பாக நிறுத்திவிடுங்கள், அதன் காரணம் கீழே வருகிறது. வசந்தத்துக்கு முன் ஒரு மண் மாதிரியை காலேஜ் ஸ்டேஷனில் இருக்கும் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவையுங்கள். பெர்முடாவுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

புல் மூன்று அங்குலம் வந்ததும் முதல் வெட்டு, இரண்டு அங்குலத்துக்கு. இலை காய்ந்திருக்க வேண்டும், மோவர் பிளேடு கூர்மையாக இருக்க வேண்டும். இளம் ரைகிராஸின் வேர் மேலாகத்தான் இருக்கும், மழுங்கிய பிளேடு அதை வெட்டாமல் பிடுங்கிவிடும். வெட்டிய நுனியைக் குனிந்து பாருங்கள்: நேராக இருந்தால் சரி, வெள்ளை நார்நாராகக் கிழிந்திருந்தால் பிளேடைத் தீட்டக் கொடுங்கள். எப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள்.

இப்போது முடிவுக்காலம். டாலஸ் பகுதியில் மார்ச் நடுவில் கடைசி உறைபனி போகும். உடனே ரைகிராஸ் பாய்ச்சல் எடுக்கும், ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் முழங்காலுக்கு நிற்கும். பிப்ரவரிக்குப் பிறகு உரம் வேண்டாம் என்றது இதனால்தான். மார்ச் கடைசியிலிருந்து உயரத்தை ஒவ்வொரு வெட்டிலும் குறைத்து ஒரு அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள், தண்ணீரை நிறுத்துங்கள். இதற்குக் கிடைமட்டத் தண்டோ நிலத்தடித் தண்டோ கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனித் தூர், விதையால் மட்டுமே பரவும். அதனால் கதிர்விடாமல் பார்த்துக்கொண்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். பெர்முடாவையோ கோரையையோ போலத் துண்டு மண்ணில் கிடந்து திரும்ப முளைக்கும் தொல்லை இல்லை.

ஏப்ரல் நடுவில் பாய் விரிப்பதாக இருந்தால், அதற்கு இரண்டு வாரம் முன்பே புல்லைக் கொல்ல வேண்டும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடிப்பது சுலபமான வழி. புல் வளர்ந்துகொண்டிருக்கும் வெதுவெதுப்பான, காற்றில்லாத நாளில் அடியுங்கள், குளிர்ந்த நாளில் அடித்தால் வேலை செய்யாது. முன்பக்கப் புல் மீது தூறல் படக்கூடாது. மருந்தே வேண்டாம் என்பவர்கள் தரையோடு வெட்டி, புல்லை வேரோடு சீவும் சாட் கட்டர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துத் தூரோடு சீவிவிடலாம். உடம்புக்கு வேலை அதிகம், பலன் உறுதி. வசந்தத்தில் களைக்கென்று விற்கும் முளைப்புத் தடுப்பு மருந்தை மட்டும் தொடாதீர்கள். பாய்க்குப் பதிலாக மே மாதத்தில் பெர்முடா விதை போடலாம் என்று மனம் மாறினால், அந்த மருந்து அதையும் முளைக்க விடாது. இலையுதிர் காலத்தில் அதை யாராவது அங்கே ஏற்கெனவே அடித்திருந்தால் ரைகிராஸும் வராது, பில்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதிர்விட விடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்ல இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ரைகிராஸின் மகரந்தம் ஒவ்வாமை உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். வசந்தத்தில் தும்மலும் மூச்சிறைப்பும் வரும் ஆள் வீட்டில் இருந்தால் பூக்கும் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டாவது, இதே கருமண் பட்டையில் கோதுமை போடும் விவசாயிகளுக்கு இந்தப் புல் பெரிய களை. பல களைக்கொல்லிகளுக்கு அது பழகிப்போய்விட்டது. உங்கள் வேலிக்கு அப்பால் வயலோ காட்டுப்பூக்கள் பூக்கும் வெளியோ இருந்தால், உங்கள் விதை அங்கே போகக்கூடாது.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகத்துக்கு உரியவை இரண்டு உண்டு. ரைகிராஸ் வேர் களிமண்ணை உடைத்து மண்ணை மாற்றிவிடும் என்று விதை விற்பவர்கள் சொல்வார்கள். மேல் சில அங்குலத்தில் துளைகள் உண்டாவதும், செத்த வேர் மக்கிச் சத்தாவதும் உண்மை. ஒரே பருவத்தில் இறுகிய கருமண் பொலபொலவென்று ஆகிவிடும் என்பதை நம்பாதீர்கள். அடுத்தது, மக்கும் ரைகிராஸ் ஒரு நஞ்சை விட்டு அடுத்து வரும் விதையைத் தடுக்கும் என்ற பேச்சு. தானிய ரைக்கு இது நன்றாக நிறுவப்பட்டது. ரைகிராஸுக்கு ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வயலில் நான் பார்க்கும் தடைக்கு நிழலும், மக்கும் புல் தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைப்பதுமே போதிய காரணமாகத் தெரிகின்றன. செத்த புல்லை வாரி எடுத்துவிட்டு இரண்டு வாரம் இடைவெளி விட்டால் இரண்டுக்குமே தீர்வு கிடைத்துவிடும்.

ஹூஸ்டன் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: உங்கள் தரையில் இருப்பது செயின்ட் அகஸ்டின் புல் என்றால் அதன் மேல் ரைகிராஸ் தூவாதீர்கள். வசந்தத்தில் அதைத் தாழ வெட்டி விரட்ட முடியாது, உங்கள் புல்தான் முதலில் அடிபடும். நியூ ஜெர்சி, சிகாகோ பக்கம் இருப்பவர்களின் நிலைமையே வேறு. அங்கே நிரந்தரப் புல்லே குளிர்காலப் புல்தான், அதோடு ஆண்டு ரைகிராஸ் அதிகம் கலந்த மலிவு விதைக் கலவை வாங்கினால் மெதுவாக முளைக்கும் புளூகிராஸை அது அமுக்கிவிடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் கடைசிக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். இந்த வாரம் கல் பொறுக்கி மட்டம் பாருங்கள், தண்ணீர்த் துறைக்குப் பேசுங்கள். ஹெச்.ஓ.ஏ. (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) விதியில் பின்பக்கத் தரைக்கு ஏதாவது காலக்கெடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில இடங்களில் இத்தனை நாளுக்குள் நிரந்தரப் புல் வேண்டும் என்பார்கள், எழுதிக் கேட்டால் வசந்தம் வரை பொறுத்துக்கொள்வார்கள். வேலியோரச் சரிவையும் நீங்கள் வாங்கப்போகும் பையின் சீட்டையும் படமெடுத்துப் போட்டால், வைக்கோல் பாய் தேவையா, விதை தேறுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.